கட்டிலுக்கடியில் ஒரு பொட்டலம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் ஒரு மாபெரும் முடிவு எடுத்தேன். இந்த வீட்டில் ஒன்று நாய் இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும்.

இதை மனைவியிடம் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்தேன். இரண்டில் எதை வைத்துக்கொள்வாள் என்று உறுதியாகத் தெரியவில்லை. அதனால் சொல்லவில்லை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. மின்விசிறித் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். இறக்கை அரை மில்லிமீட்டர் கோணியிருந்தாலும் சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்கிவிடுவேன். அங்கே எனக்கு 'ரிஜெக்ட் சார்' என்று பெயர். முகத்துக்கு முன்னாலேயே கூப்பிடுகிறார்கள். பழக்கதோஷத்தில் வீட்டிலும் மனைவி எதைச் சொன்னாலும் முதலில் சிவப்புச் சீட்டுதான். அவள் இடது பக்கம் என்றால் என் கால் தானாக வலது பக்கம் திரும்பும். இருபத்திரண்டு வருடமாக இந்த வீட்டின் தரத்தை இப்படித்தான் காப்பாற்றி வருகிறேன்.

அப்படிப்பட்டவனின் வீட்டுக்கு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், விலங்குக் காப்பகத்திலிருந்து ஒரு நாயைக் கொண்டுவந்துவிட்டாள். பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்தும் இன்னொன்று மடிந்தும் இருந்தது. கழுத்தைச் சுற்றி முடியே இல்லாத ஒரு வளையம். மூன்று வருடம் யாரோ ஒரு கிடங்குக்குப் பின்னால் சங்கிலியில் கட்டிப்போட்டு, ஒரு நாள் கிடங்கைக் காலி செய்துகொண்டு போயே போய்விட்டார்களாம். காப்பகத்துக் காரிலிருந்து இறங்கியதும் அது நேராக எங்கள் கட்டிலுக்கடியில் புகுந்தது. சுவரோரமாகச் சுருண்டு, மூக்கை வாலுக்குள் செருகிக்கொண்டது. யாரோ கட்டி வைத்துவிட்டு மறந்துபோன பொட்டலம் மாதிரி இருந்தது. பொட்டலம் என்றே பெயரும் நிலைத்துவிட்டது.

"இது என்ன?" என்றேன்.

"நாய்."

"அது தெரியுது. எதுக்கு?"

"ஒரு மாசம்தாங்க. பழக்கிப் பாக்கலாம். மாசக் கடைசில காப்பகத்துலேர்ந்து பயிற்சியாளரம்மா வருவாங்க. அவங்க முன்னால இது வீட்டு ஆளை நம்பி வெளிய வரணும். வந்துட்டா நம்ம நாய்."

"வரலன்னா?"

அவள் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தாள். "இது இதுக்கு மூணாவது வீடு. இங்கயும் சரிப்படலன்னா அப்புறம் யாருக்கும் குடுக்க மாட்டாங்களாம். ஆயுசுக்கும் கூண்டுதான்."

"யார் பழக்கறது?"

"வேற யாரு, நீங்கதான். நான் கிளினிக் போயிட்டா காலைல வீட்ல யார் இருக்கா?"

எனக்கு மதியம் இரண்டு மணி ஷிப்ட். அவளுக்குக் காலை ஒன்பதுக்கே வேலை. பல் டாக்டரிடம் வரவேற்பாளர். ஊசியைப் பார்த்ததும் செருப்பைத் தேடும் ஆட்களைப் பேசிப் பேசியே நாற்காலியில் உட்காரவைத்துவிடுவாள். டாக்டரே அவளைக் கேட்டுத்தான் அடுத்த ஆளைத் தொடுவார்.

அன்று மாலையே ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினாள். பயிற்சியாளரம்மா கொடுத்த விதிகளை அவள் கையால் பிரதி எடுத்தது. 'செய்ய வேண்டியவை' என்று ஒரு பக்கம்: நாயின் கண்ணை நேருக்கு நேர் பார்க்கணும். தலையைத் தடவணும். பேர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடணும். கூட்டமான தெருவுக்குள் நேராக அழைத்துப் போகணும். 'செய்யவே கூடாதவை' என்று இன்னொரு பக்கம்: முதுகைக் காட்டி உட்காரக் கூடாது. பேசாமல் இருக்கக் கூடாது. சாப்பாட்டைத் தூரமாகப் போடக் கூடாது. கிட்ட வந்தால் கண்டுகொள்ளாமல் இருக்கக் கூடாது. தெருவைத் தள்ளி நின்று வேடிக்கை காட்டக் கூடாது.

படித்ததும் என் மூளையில் விளக்கு எரிந்தது. நாயை வெளியே அனுப்ப வேண்டும் என்றால் அது பரிசோதனையில் தோற்க வேண்டும். தோற்க வேண்டும் என்றால் இந்தத் தாளை அப்படியே தலைகீழாகப் பின்பற்ற வேண்டும். அதற்கு நான் எந்தச் சிரமமும் பட வேண்டியதில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பதில் எனக்கு இருபத்திரண்டு வருட அனுபவம் உண்டு. கூண்டு என்று அவள் சொன்னது மட்டும் காதுக்குள் கொஞ்சம் உறுத்தியது. அதற்குமேல் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து வேலை தொடங்கியது. படுக்கையறைத் தரையில் கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்காருவேன். பேப்பர் படிப்பேன். வேகவைத்த கோழித்துண்டைப் பின்பக்கமாகத் தோளுக்கு மேலே வீசுவேன். எங்கே விழுகிறது என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

இரவு ஷிப்ட் முடிந்து வந்ததும் விசாரணை நடக்கும்.

"இன்னிக்கு என்ன பண்ணீங்க?"

"நேருக்கு நேர் பாத்தேன்."

"தலைய?"

"தடவினேன்."

"முதுகக் காட்டி உக்காரலையே?"

"சேச்சே."

"நல்லவேளை. அது மட்டும் ஆகவே ஆகாதுன்னு அந்தம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க."

அப்படியா என்று மறுநாள் ஒரு மணி நேரம் கூடுதலாக முதுகைக் காட்டினேன்.

நான்காம் நாள் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு மூக்கு வெளியே வந்தது. எட்டாம் நாள், நான் அறையில் இருக்கும்போதே மெல்லும் சத்தம் கேட்டது. பன்னிரண்டாம் நாள் என் முழங்கையில் ஈரமாக ஏதோ பட்டது. மோந்து பார்க்கிறது. கண்டுகொள்ளாமல் இருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். அது இன்னொரு தடவை மோந்தது.

எனக்குக் கவலை வந்துவிட்டது. இவ்வளவு கெடுத்தும் தேறுகிறதே.

தெருப் பயிற்சியையாவது ஒழுங்காகக் கெடுப்போம் என்று கோழித்துண்டை வழியெல்லாம் போட்டு வெளியே வரவைத்து, கயிறு மாட்டி, பேருந்து நிறுத்தத்திலிருந்து ரொம்பத் தள்ளி ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பொட்டலம் என் கால்களுக்கு நடுவில் ஒடுங்கிக்கொண்டது. ஒவ்வொரு பேருந்துக்கும் அதன் விலா நடுங்குவது என் கெண்டைக்காலில் தெரிந்தது. நான் கடலையைத் தின்றபடி சும்மா இருந்தேன். மறுநாள் அந்தப் பெஞ்சில் வெயில். அதனால் அடுத்த பெஞ்சு. அதற்கடுத்த நாள் அங்கே ஒரு தாத்தா படுத்திருந்தார். அதற்கும் அடுத்த பெஞ்சு. வாரக் கடைசியில் நாங்கள் இருவரும் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். ஒரு பள்ளிப் பேருந்து நிறையப் பிள்ளைகள் கூச்சலோடு இறங்கினார்கள். பொட்டலம் கொட்டாவி விட்டது.

பத்தொன்பதாம் நாள்தான் விபரீதம் நடந்தது. வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். பொட்டலம் பின்னாலிருந்து சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. கொஞ்ச நேரம் நின்று யோசித்தது. பிறகு பெருமூச்சு விட்டுப் படுத்து, தாடையை என் பாதத்தின்மேல் வைத்துத் தூங்கிவிட்டது.

நான் அசையவில்லை. கால் மரத்துப்போனது. மணி ஒன்று, ஒன்றே கால், ஒன்றரை. நான் பிடிக்க வேண்டிய பேருந்து போய்விட்டது. பதினெட்டு வருட வேலையில் முதன்முறையாக அன்று தாமதமாகப் போனேன். மேலாளர் காரணம் கேட்டார். கால் மரத்துவிட்டது என்றேன். உண்மையில் இத்தனை நாள் மரத்திருந்தது வேறு ஏதோ, அன்று விட்டதும் அதுதான். அந்த மடிந்த காதை நினைத்துக்கொண்டு அன்று முழுக்க ஒரு இறக்கையைக்கூட ஒதுக்காமல் அனுப்பிவிட்டேன்.

அதன் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. என்ன காரியம் செய்துவிட்டேன். கூண்டுக்கு அனுப்புவதற்காக அல்லவா இத்தனை நாள் பாடுபட்டிருக்கிறேன். இனியாவது திருந்துவோம், மிச்ச நாளில் விதிப்படி நடப்போம் என்று இருபத்தெட்டாம் நாள் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று தாளை மனப்பாடம் செய்தேன். நேரே போய்ப் பொட்டலத்தின் எதிரே மண்டியிட்டு, கண்ணுக்குக் கண் உற்றுப் பார்த்து, தலையில் கை வைத்து, "பொட்டலம்" என்று உரக்கக் கூப்பிட்டேன்.

ஒரே பாய்ச்சல். கட்டிலுக்கடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. மூக்கு வாலுக்குள் போய்விட்டது.

எவ்வளவு கெஞ்சியும் வெளியே வரவில்லை. அடுத்த நாளும் அப்படியே. நான் பதினேழு தடவை விதிப்படி தடவப் போனேன். பதினேழு தடவையும் அது இன்னும் கொஞ்சம் சுருங்கியது.

முப்பதாம் நாள் காலை பயிற்சியாளரம்மா வந்தார். ஒல்லியான அம்மாள், சட்டை முழுக்க நாய்முடி. கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.  சிவப்புச் சீட்டு எழுதும் கையை எனக்குத் தெரியாதா?

"எழுதிடாதீங்கம்மா," என்றேன். "குறை நாய்கிட்ட இல்ல. பரிசோதகர்கிட்ட."

"என்ன சார் சொல்றீங்க?"

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். முதுகைக் காட்டியது, பேசாமல் இருந்தது, கோழித்துண்டை வீசியது, பெஞ்சு பெஞ்சாக நகர்ந்தது, கடைசி இரண்டு நாள் பதறிப்போய்த் தடவப் போனது, ஒன்றையும் விடவில்லை. "வேணும்னேதான் கெடுத்தேன். இன்னும் ஒரு மாசம் குடுங்க. நீங்க சொன்னபடி செய்யறேன். இத மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க."  வெட்கமாக இருந்தாலும் சொல்லி முடித்தேன்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். அன்று லீவு போட்டிருந்த என் மனைவியைப் பார்த்தார். மனைவி ஜன்னல் திரையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"நீங்க வழக்கம்போலப் போய் உக்காந்து பேப்பரப் படிங்களேன்," என்றாள் திரும்பாமலேயே.

வேறு வழி தெரியாமல் உட்கார்ந்தேன். முதுகைக் காட்டினேன். பேப்பரைப் பிரித்தேன். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. எவ்வளவு நேரம் போனதோ, முழங்கையில் ஈரம் பட்டது. பிறகு முன்னால் நகங்கள் நடக்கும் சத்தம். பிறகு ஒரு பெருமூச்சு. என் பாதத்தின்மேல் ஒரு தாடை வந்து இறங்கியது.

"பாஸ்," என்றார் பயிற்சியாளரம்மா. "பயந்த நாய வச்சுக்கிட்டு இவ்வளவு பொறுமையா யாரும் பண்ணினதில்ல சார். நான் குடுத்த தாள்ல இருக்கறத ஒண்ணு விடாம பண்ணியிருக்கீங்க. இந்த ரெண்டு நாள்தான் ஏனோ தடம் மாறிட்டீங்க." பையிலிருந்து அச்சடித்த தாளை எடுத்து நீட்டினார்.

செய்ய வேண்டியவை: முதுகைத் திருப்பி உட்காரவும். பேசாமல் இருக்கவும். உணவைத் தூரமாகப் போடவும். செய்யக் கூடாதவை: கண்ணை உற்றுப் பார்ப்பது. தலையைத் தடவுவது.

அந்த அம்மாள் போகும்வரை பொறுத்துக்கொண்டேன்.

"வேணும்னே மாத்தி எழுதினியா?"

"நேரா எழுதியிருந்தா செஞ்சிருப்பீங்களா?"

என் கண் ஜன்னல் திரையில் போய் நின்றது. வேறு ஒரு பயம் வந்தது.

"அப்ப இந்தத் திரை? நீ நீலம்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னே. நான் பிடிவாதமா பச்சை வாங்கினேன்."

"எனக்குப் பச்சைதாங்க பிடிக்கும்."

"இந்த வீடு? நமக்குச் சின்ன வீடே போதும்னு சொன்னியே."

"பெருசாத்தானே வாங்கினீங்க."

"கல்யாணத்துக்கு முன்னால, என்னைப் பிடிக்கலன்னு உங்க வீட்ல சொன்னியாமே?"

"அது மட்டும் நேராச் சொன்னது."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருடத் தோல்விக்கு ஒரே அடியில் பழிவாங்க வழி கிடைத்துவிட்டது.

"இனிமே நீ சொல்றத அப்படியே செய்வேன். ஒரு எழுத்து மாறாது. அப்ப உன் சாமர்த்தியம் என்னாகுதுன்னு பாக்கறேன்."

அவள் முகம் வாடியது. "ஐயோ, அப்படி மட்டும் செஞ்சிடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

விடுவேனா?

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, அவள் சொன்னபடியே ஒரு கையில் நாயும் மறுகையில் குப்பை வாளியுமாகத் தெருவில் நின்றபோதுதான், ஜெயித்தது யார் என்று எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது.