ஏ செக்‌ஷனுக்கு மெஷின், பி செக்‌ஷனுக்கு நான்

ரெண்டு முழங்காலும் வலித்தால் உலகத்தில் எல்லாரும் ரெண்டுக்கும் தைலம் தேய்ப்பார்கள். ஒன்றுக்கு மட்டும் தேய்த்துவிட்டு, இன்னொன்று என்ன செய்கிறது என்று வேடிக்கை பார்த்த ஒரே மனிதர் எங்கள் பாதி சார்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அவரைப்போல இன்னொரு ஜென்மத்தை நான் பார்த்ததில்லை.

எழுபதுகளில் செங்கல்பட்டில் ஆசிரியர் பயிற்சி கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் அவர் விரிவுரையாளர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை யாரும் உபயோகித்து நான் கேட்டதில்லை. எதையும் பாதிக்குச் செய்து மீதிப் பாதியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது என்பதால் பாதி சார். புது பிளேடு வாங்கினால் வலது கன்னத்துக்குப் புதுசு, இடது கன்னத்துக்குப் பழசு. வீட்டுக் கொல்லையில் வெண்டைக்காய்க்குப் பாதிப் பாத்திக்குத்தான் எரு. மீதிப் பாத்தியின் மனக்கஷ்டத்தை யார் கேட்பது?

திருக்கழுக்குன்றத்து மலைமேல் தினமும் உச்சிவேளையில் ரெண்டு கழுகுகள் வந்து சோறு சாப்பிட்டுப் போகும். குடும்பத்தோடு கும்பிடப்போன பாதி சார், சோறு வைப்பவரைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு மாதத்துக்கு ஒரு கழுகுக்கு மட்டும் வைத்துப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். கூடப் போயிருந்த அவர் சம்சாரம் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு கடகடவென்று மலையிறங்கிவிட்டாராம்.

இப்படிப்பட்டவர் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தால் என்ன செய்வார்? ஒரு வகுப்புக்கு டேப் ரிக்கார்டரில் பாடம், இன்னொரு வகுப்புக்கு ஆள் வைத்துப் பாடம், கடைசியில் யார் உசத்தி என்று பரீட்சை. வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்த ஆராய்ச்சி அது. பல்கலைக்கழகம் கொடுத்த கெடு அந்தக் கோடையோடு முடிகிறது. அவரிடம் படித்த பையன்களே டாக்டராகிவிட்டார்கள். போதாக்குறைக்கு அவருடைய மாமனார், மச்சினி கல்யாணப் பத்திரிகையில் மூத்த மாப்பிள்ளையான இவர் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று அச்சடித்து ஜில்லா முழுக்கக் கொடுத்துவிட்டார். இனி பட்டம் வாங்காவிட்டால் மனிதர் வெளியில் தலைகாட்ட முடியாது.

அதற்கு அவர் பிடித்த இடம் எங்கள் பள்ளிக்கூடம். சதுரங்கப்பட்டினத்துப் பக்கம், கடலோரக் குப்பத்துப் பள்ளி. ஐந்தாம் வகுப்பு ஏ செக்‌ஷன் வாத்தியார் மாற்றலாகிப் போய் வேறு ஆள் வரவில்லை. பி செக்‌ஷன் வாத்தியார் நான். ஆக, ஏ செக்‌ஷனுக்கு மெஷின், பி செக்‌ஷனுக்கு நான். பாடம் பூகோளம். படித்துப் பட்டம் வாங்கி ஒரு பெட்டியோடு போட்டி போடவேண்டிய தலையெழுத்து!

புதன்கிழமைதோறும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவார். முதல் நாளே கண்டக்டர் பிடித்துக்கொண்டான்.

"இன்னா சார், பொட்டிக்கு லக்கேஜ் போட்டுடவா?"

"லக்கேஜ் இல்லப்பா. இது வாத்தியாரு."

"வாத்தியாருன்னா ஃபுல் டிக்கெட்டு சார்."

முழு டிக்கெட்டுக்கும் காசு கொடுத்துவிட்டு, சீட்டைப் பெட்டியின் கைப்பிடியில் செருகிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

பெட்டியை வகுப்பில் வைத்துவிட்டு அவர் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். "மெஷின் மட்டும்தாங்க நடத்தணும். என் மூஞ்சிய பாத்தா அது கலப்படம்" என்பார். பாடத்தை வீட்டில் அவரே பேசிப் பதிவு செய்திருந்தார். அதிலே குக்கர் விசில் அடிக்கும். வடகிழக்குப் பருவக்காற்று மும்முரமாக வீசிக்கொண்டிருக்கும்போது அவர் சம்சாரம், "ஏங்க, காய்க்காரன் வந்துட்டான்" என்பார். பாட்டரி தீரத் தீரக் குரல் இழுத்து இழுத்து, இமயமலையே தூங்கி விழுகிற மாதிரி இருக்கும்.

ஆரம்பத்திலேயே ரெண்டு செக்‌ஷனுக்கும் முன்தேர்வு என்று ஒன்று வைத்தார். வாய்மொழிப் பரீட்சை. அதிலும் கலப்படம் ஆகக்கூடாதே! ஒரு ஜமுக்காளத்தைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் உட்கார்ந்து கேள்வி கேட்டார். பதிலெல்லாம் டேப்பில் ஏறியது. பருவக்காற்று எப்போது வீசும் என்றதற்கு ஒரு பையன், "எங்க அப்பா கட்டுமரத்த மேட்டுல ஏத்துனா வீசும் சார்" என்றான். பாடப்புத்தகத்தில் கட்டுமரம் இல்லாததால் அவனுக்குப் பூஜ்யம்.

இப்போது எங்கள் தலைமையாசிரியரைப் பற்றிச் சொல்லவேண்டும். பாய் சார் என்று கூப்பிடுவோம். வந்தவர்களை டீயும் நாஸ்தாவும் இல்லாமல் அனுப்பிய பாவம் அவருக்குக் கிடையாது. கடைசிப் பரீட்சையன்று காலையில் என் வகுப்புக்குள் வந்து, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளாகப் பார்த்து எழுப்ப ஆரம்பித்தார். இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் எல்லாப் பள்ளியிலும் நடக்கிற சமாசாரம்தான். எந்த வகுப்பைப் பார்க்க அதிகாரி வருகிறாரோ அந்த வகுப்புக்குப் பக்கத்து வகுப்பிலிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகளை இரவல் கொடுப்போம்.

"சார், இதுங்கள அனுப்பிட்டா என் கிளாஸ் இன்னா ஆவறது?" என்றேன்.

"உன் கிளாஸ் தோக்கணும்ப்பா. அதுக்குத்தானே ஆராய்ச்சியே!"

போனவர்களில் கஸ்தூரியும் ஒருத்தி. அம்மாவோடு மீன்கூடை தூக்கிக் கூவி விற்றே தொண்டை கரகரத்துப்போன பெண், ஆனால் படிப்பில் புலி. எந்தப் பதில் சொன்னாலும் கடைசியில் "அவ்ளோதான் சார்" என்று ஒரு முற்றுப்புள்ளி வைப்பாள். அவளுக்கு அன்றைக்கு ஏ செக்‌ஷன் முனியம்மாளின் பெயர். அங்கேயிருந்து தூங்குமூஞ்சிகளாகப் பார்த்து எனக்கு மாற்றி அனுப்பினார்கள்.

முடிவு என்ன ஆகும்? ஏ செக்‌ஷன் வெளுத்து வாங்கியது. பி செக்‌ஷன் மண்ணைக் கவ்வியது. பாதி சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. என் தோளைத் தட்டி, "வருத்தப்படாதீங்க தம்பி, மனுஷனால முடிஞ்சது அவ்வளவுதான்" என்று ஆறுதல் வேறு சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பேன்.

மறுவாரம் வந்தபோது மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. நேரே பாய் சார் அறைக்குப் போய் மேஜைமேல் பெட்டியை வைத்தார். என்னையும் கூப்பிட்டார்கள். பித்தானை அழுத்தினார். முன்தேர்வு, பி செக்‌ஷன், கஸ்தூரி: கரகரவென்று ஒரு பதில், "அவ்ளோதான் சார்." டேப்பை மாற்றினார். கடைசித் தேர்வு, ஏ செக்‌ஷன், முனியம்மாள்: அதே கரகர, அதே "அவ்ளோதான் சார்."

"முனியம்மாளுக்கு இந்தத் தொண்டை எப்ப வந்துச்சு பாய் சார்?"

பாய் சார் கொஞ்சமும் அசரவில்லை. "இன்னா சார் நீங்க! இம்மாந்தூரம் பொட்டியத் தூக்கிகினு வர்றீங்க. எங்க இஸ்கூலுக்கு வந்தவர ஃபெயிலாக்கியா அனுப்புவோம்? பேஜார் பண்ணாம எழுதி அனுப்புங்க சார். யாருக்குத் தெரியப்போவுது?"

பாதி சார் பெட்டியிலிருந்து டேப்பைக் கழற்றினார். அதைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"அனுப்பினா நான் டாக்டராயிடுவேன். அதை நம்பி எங்கயோ ஒரு ஊர்ல, வாத்தியாரே வேணாம், பெட்டி போதும்னு வெச்சிடுவாங்க. அந்த ஊர் ஏ செக்‌ஷனுக்கு இரவல் குடுக்க யாருகிட்ட சார் கஸ்தூரி இருப்பா?"

அதுவரைக்கும் எனக்கு அவர்மேல் இருந்தது வெறும் எரிச்சல். அது அந்த நிமிஷத்தில் போயிற்று.

மறுபடியும் பரீட்சை. இந்தத் தடவை அவரவர் வகுப்பில் அவரவர். ஜமுக்காளத்தைக் கட்டினார். ஏ செக்‌ஷன் பரவாயில்லை, தேறியது. அடுத்து என் வகுப்பு. முதலில் வந்தவன் ஏழுமலை. வருஷம் முழுக்க நான் தொண்டை கிழியக் கத்தியும் வாயைத் திறக்காதவன்.

"வடகிழக்குப் பருவக்காற்று எப்போது வீசும்?"

ஏழுமலை நிமிர்ந்து நின்றான். "வடகிழக்குப் பருவக்காற்று அக்டோபர் மாதம் முதல் டிசம்பர் மாதம் வரை வீசுகிறது. இதனால் தமிழ்நாட்டின் கடற்கரைப் பகுதி, ஏங்க, காய்க்காரன் வந்துட்டான், மிகுந்த மழை பெறுகிறது."

ஜமுக்காளம் குலுங்கியது. பாதி சார் தலையை வெளியே நீட்டினார். பிள்ளைகள் அவர் முகத்தைப் பரீட்சை நடுவில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"டேய், நீ பி செக்‌ஷன்தானே? இது உனக்கு எப்படிடா தெரியும்?"

"டேப்பு வெளாட்டு சார்."

"அதென்னடா?"

சொல்வதைவிடச் செய்து காட்டுவது சுலபம் என்று ஏ செக்‌ஷன் பையன் ஒருவனை இழுத்து வந்து உட்காரவைத்தான். மூக்கை அமுக்கினால் டேப் ஓடும். காதைத் திருகினால் சத்தம் கூடும். அந்தப் பையன் பாதி சார் குரலிலேயே, குக்கர் விசில் உட்பட, பாடம் முழுவதையும் ஒப்பித்தான். நடுவில் பாட்டரி தீர்ந்து குரல் இழுத்தபோது ஏழுமலை அவன் முதுகில் ரெண்டு தட்டு தட்டிப் புது பாட்டரி போட்டான். சாயங்காலமானால் இடிந்த டச்சுக் கோட்டைக்குள் ரெண்டு செக்‌ஷனும் சேர்ந்து இதைத்தான் ஆடிக்கொண்டிருந்தார்களாம். பாதி சார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதில் எவ்வளவு சிரிப்பு என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

ஏ செக்‌ஷனும் பி செக்‌ஷனும் ஏறக்குறைய ஒரே மார்க். இரவல் சமாசாரத்தையும் டேப் விளையாட்டையும் ஒளிக்காமல் எழுதி, வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று முடித்து அனுப்பினார். வித்தியாசமே இல்லாததற்கு எதற்கு ஆராய்ச்சி என்று பல்கலைக்கழகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கெடு முடிந்தது. பட்டம் போச்சு. மாமனார் கொஞ்ச காலம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்.

இனி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், புதன்கிழமை, பஸ்ஸிலிருந்து பெட்டியோடு இறங்கினார்.

பாய் சார் பதறிப்போனார். "இன்னும் இன்னா சார் ஆராய்ச்சி கீது?"

"ஆராய்ச்சி முடிஞ்சுபோச்சு பாய் சார். தென்மேற்குப் பருவக்காற்று பாக்கி இருக்கே. இதுங்களுக்கு யாரு சொல்றது?"

ஆறாம் வகுப்பாகிவிட்டிருந்த ரெண்டு செக்‌ஷனையும் ஒரே அறையில் உட்காரவைத்தார். மூக்கை அமுக்க ஏழுமலை ஓடிவந்தான். நிஜப் பெட்டிக்கு மூக்கு இல்லை என்று சொல்லி அவன் கையைப் பிடித்துப் பித்தானைக் காட்டினார். வேப்பமரத்தடிக்குப் போகவில்லை. உள்ளேயே, பிள்ளைகள் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பாடம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அடுத்த வகுப்பில் எனக்கு வேலையும் இருந்தது. இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அந்த மனிதரோடு கொஞ்ச நேரம் இருக்கவேண்டும்போல் இருந்தது.