எனக்குத் துவக்கே தெரியாது

அப்டன் பார்க்,
12.03.1990

பெருமதிப்புக்குரிய அம்பலவாணன் மாமா அவர்களுக்கு,

என்னை இந்த நாட்டிலிருந்து திருப்பி அனுப்பப் பார்ப்பது பிரித்தானிய அரசாங்கம் அல்ல, நீங்கள்தான். கோபத்தில் எழுதவில்லை. கோபம் நேற்றோடு முடிந்துவிட்டது. இது தகவல்.

இனி முறைப்படி: நான் சுகம். உங்கள் பிரஷர் இறங்கியிருக்கும் என்றும், கனகாம்பிகை மாமியின் முழங்கால் நோவு குறைந்திருக்கும் என்றும், உங்களுடைய பதினேழு ஜேர்மன் பிஸ்டல்களும் துருப்பிடிக்காமல் பூரண தேகசுகத்துடன் இருக்கும் என்றும் நம்புகிறேன். பார்க்கிங்குக்கும் அப்டன் பார்க்குக்கும் நடுவில் ஒரேயொரு ஸ்டேஷன்தான், அதற்குப் போய் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். நேரில் வந்தால் நான் வாயைத் திறக்க முதல் நீங்கள் பிஸ்டல் அலமாரியைத் திறக்கிறீர்கள். டெலிபோன் எடுத்தால், "அவர் எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார் ராசா, பிறகு எடு" என்று மாமி சொல்கிறா. ஆகவே கடிதம். இதை எண்ணெய்க் கையோடு என்றாலும் கடைசி வரை வாசியுங்கள்.

என் அகதி விண்ணப்பத்துக்கு ஒரு நற்சாட்சிக் கடிதம் தரச்சொல்லி உங்களிடம் கேட்டேன். கேட்டது என் பிழை. மூன்று வரி போதும் என்று என் சட்டத்தரணி செல்வமலர் அக்கா சொல்லியிருந்தா. இவன் என் தங்கையின் மகன், இவனை எனக்குத் தெரியும், ஊரில் இவனுக்கு ஆபத்து, அவ்வளவுதான். ஆனால் நீங்கள் 1959இல் கப்பலில் வந்தவர், நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆங்கிலத்தில் மூன்று வரியோடு நிறுத்துவது உங்களுக்கு மரியாதைக் குறைவு. இரண்டரைப் பக்கம் எழுதினீர்கள். அதை அக்காவிடமும் காட்டாமல், என்னிடமும் சொல்லாமல், நேரே குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் போட்டீர்கள். முதற்பக்கம் எங்கள் குடும்பத்தின் பெருமை. இரண்டாம் பக்கத்தில் நான் வருகிறேன்: கீழ்ப்படிவுள்ளவன், மது அருந்தாதவன், துப்பாக்கிகளில் இயல்பான கைத்திறன் உடையவன், 'என் கைநடுக்கத்தால் எனக்கு இயலாத வேலைகளை ஞாயிறுதோறும் இவனே செய்கிறான்', மவுசர் பிஸ்டல் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவான். 'கண்ணை மூடிக்கொண்டு' என்பதற்குக் கீழே கோடு வேறு. போதாததற்கு ஒரு படம். மவுசருக்குப் பின்னால் அதன் மர உறையையே கட்டையாகப் பூட்டி, தோளில் வைத்து, நான் முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டு நிற்கிற படம். பின்பக்கத்தில் உங்கள் மணியான கையெழுத்தில் என் முழுப்பெயர், திகதி.

இந்தப் புண்ணியம் எதுவும் தெரியாமல் போன செவ்வாய்க்கிழமை குரோய்டனுக்குப் போனேன். விசாரித்த அதிகாரி மோசமான மனிதர் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். மொழிபெயர்க்க வந்தவர் ஜம்புநாதன் என்று ஒரு தமிழ்நாட்டுக்காரர், நெற்றியில் சந்தனம், அருமையான ஆங்கிலம். "நீ இங்கிலீஷிலை வாய் திறக்காதை, விளங்காமல் எல்லாத்துக்கும் யெஸ் எண்டு துலைப்பாய்" என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தா. அதிகாரி கேட்டார். ஜம்புநாதன் தமிழாக்கினார்: "ஆயுதங்களோட உங்களுக்கு ஏதாவது சம்பந்தம் உண்டான்னு கேக்கறார்." நான் பணிவாகச் சொன்னேன்: "ஐயா, எனக்குத் துவக்கே தெரியாது."

மாமா, முப்பது வருடத்தில் நீங்கள் எதை மறந்தாலும் இதை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கட ஊரில் துவக்கு என்றால் சுடுகிற சாமான். அவருடைய ஊரில் துவக்கு என்றால் ஆரம்பி. அவர் அதிகாரியிடம் திரும்பி, இவருக்கு ஆரம்பமே தெரியாதாம் என்றார். அதிகாரி அனுதாபத்தோடு தலையாட்டினார். "பரவால்ல தம்பி, நடுவுலேர்ந்து சொல்லுங்க" என்றார் ஜம்புநாதன். துவக்கின் நடுப்பகுதியைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நான் நினைத்தேன். "நடுவும் தெரியாது, நுனியும் தெரியாது ஐயா. துவக்கு மாமாட்டைத்தான் இருக்கு. பதினேழு துவக்கு." ஜம்புநாதன் கொஞ்சம் யோசித்தார். மனிதர் நேர்மையானவர், கேட்டதைக் கேட்டபடி சொன்னார்: ஆரம்பம் இவருடைய மாமாவிடம் இருக்கிறதாம், மொத்தம் பதினேழு ஆரம்பங்கள். அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். 'பிகினிங்' என்ற சொல் மூன்றாம் தரமும் காதில் விழ எனக்குப் பொறுக்கவில்லை. சத்தியத்தை விட்டிட்டு மேசையிலை தட்டிச் சொன்னன்: "நோ பிகினிங்! கன்! அங்கிள் கன்! செவன்டீன் கன்!"

அதிகாரியின்ரை சக்கரக் கதிரை பின்னாலை உருண்டு சுவர் வரைக்கும் போய் நிண்டது. கதவைத் திறந்து ரெண்டு பேர் எட்டிப் பார்த்திச்சினம். ஜம்புநாதன் எனக்குக் கிட்டக் குனிஞ்சு, "ஏன் தம்பி, துப்பாக்கின்னு தமிழ்ல சொல்லித் தொலைக்கக்கூடாதா?" எண்டார். "நான் தமிழிலைதான் சொன்னனான் ஐயா!" எண்டன். பிறகுதான் அதிகாரி பைலைத் திறந்து உங்கட கடிதத்தையும் படத்தையும் எடுத்து வைச்சார். இது நீங்களா? ஓம். கையில் இருப்பது என்ன? தெரியாது எண்டு சொன்னன். அவர் படத்தைத் திருப்பினார். என்ன மொடல், எந்த வருசம், எந்தப் படைக்குச் செய்தது, எல்லாம் உங்கட எழுத்திலை கிடக்கு. அதோடை விசாரணையை நிப்பாட்டி, வாற இருபத்தேழாம் திகதி திரும்ப வரச்சொல்லிப்போட்டார்.

செல்வமலர் அக்கா உங்கட கடிதத்தின்ரை பிரதியை வாசிச்சிட்டுக் கண்ணாடியைக் கழட்டினா. "தம்பி, இது நற்சாட்சிப் பத்திரமோ, குற்றப்பத்திரமோ?"

"மாமா நல்ல மனுசன் அக்கா."

"நல்ல மனுசராலைதான் என்ரை கேசெல்லாம் தோக்கிறது. இருபத்தேழுக்கு முதல் அவரிட்டை ஒழுங்கான கடிதம் ஒண்டு வாங்கு. இல்லாட்டி உன்னைக் கொழும்புக்கு ஏத்தினாப்போலை என்னட்டை அழாதை."

அதைச் சொல்லத்தான் நேற்று உங்களிட்டை ஓடி வந்தனான். நீங்கள் கேட்ட முதல் கேள்வி என்ன? "அதிகாரி படத்தைப் பாத்து மவுசரைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையோ?" நான் தலையிலை கை வைச்சன். "வெள்ளைக்காரன் இப்பிடியான பொழுதுபோக்குக்கு மதிப்புக் குடுப்பான் எண்டுதான், மருமோன், நான் எழுதினனான். என்ரை லைசென்ஸைப் பாக்க வாற பொலிஸ்காரன் இதிலை இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறவன்" எண்டியள். உங்களிட்டை வாற பொலிஸ் தேத்தண்ணி குடிக்கும் மாமா. ஊரிலை, கோண்டாவிலிலை எங்கட வீட்டை வந்தவங்கள் ஒருத்தரும் குடிக்கேல்லை. மாமி குசினிக்குள்ளை இருந்து, "அந்த அலமாரிக்கும் சேத்துத்தான் கழுத்தை நீட்டுறன் எண்டு எனக்கு ஆரும் முதல் சொல்லேல்லை" எண்டா. அதுவும் உங்கட காதிலை விழேல்லை. அலமாரி திறந்தாச்சு. நான் மாமி தந்த நண்டுக்கறிப் பெட்டியோடை வீட்டை வந்தன்.

இனிக் கேக்கவேண்டியதைக் கேக்கிறன். நீங்கள் படிச்சு, கப்பலேறி, கழுத்துப்பட்டி கட்டி வந்தனீங்கள். நாங்கள் ஓடி வந்தனாங்கள். அதாலைதான் கோயிலிலை ஆரும் கேட்டால் என்னை 'இஸ்ரூடன்', படிக்க வந்தவன் எண்டு சொல்லுறியள். சரி, அது உங்கட வெக்கம். ஆனால் ஒரே சாமான் உங்கட கையிலை இருந்தால் சேகரிப்பு, என்ரை கையிலை இருந்தால் சாட்சியம், இந்த வித்தியாசம் முப்பது வருசமாய் இந்த நாட்டிலை இருக்கிற உங்களுக்குத் தெரியாமல் போச்சோ? உங்கட நீலக் கொப்பியிலை ஒவ்வொரு பிஸ்டலுக்கும் ஒரு பக்கம் இருக்கு. 1917இலை எந்த ஒபிசரின்ரை இடுப்பிலை கிடந்தது, ஆர் ஆரின்ரை கையாலை வந்தது, எந்தக் கீறல் எப்ப விழுந்தது, எல்லாம் தேடித்தேடி எழுதியிருக்கிறியள். நான் வந்து இருபது மாசம். எந்த வழியாலை வந்தனீ எண்டு ஒரு நாள் கேட்டனீங்களோ? ஜேர்மனியிலை ரெண்டு வருசம் அகதி முகாமிலை கிடந்தனான் எண்டு சொன்ன அண்டைக்கு, "அப்ப மவுசர் செய்த ஊருக்குப் போனனீயோ?" எண்டியள். எங்களை அடுத்த பட்டினத்துக்குப் போகவே விடாயினம் மாமா. குளிக்கிறதுக்கே லைன்.

ஆனபடியால் எனக்கும் ஒரு பக்கம் எழுதுங்கோ. நான் சொல்லுறன், அப்பிடியே எழுதுங்கோ. செய்த இடம் கோண்டாவில், வருசம் 1965. 1984 ஐப்பசியிலை சந்தியிலை ஆமி மறிச்சது. சைக்கிளிலை, ரயருக்குக் காத்தடிக்கிற பம் ஒண்டைப் பேப்பர் சுத்திக் கட்டியிருந்தவன். அதைத் துவக்குக் குழல் எண்டிச்சினம். பம் எண்டு காட்டச் சொல்லிச்சினம், காத்தடிச்சுக் காட்டினவன், அதுக்கும் அடி. பதினொரு நாள் வைச்சிருந்தவங்கள். அண்டையிலை இருந்து இடது காது கேளாது. பிறகு ரெண்டு தரம் வீட்டுக்குத் தேடி வந்தவங்கள். மிச்சப் பாகமெல்லாம் அசல், திருத்தவேலை ஒண்டும் நடக்கேல்லை. இதுக்குக் கீழை உங்கட பெயர், உங்கட ஒப்பம். கடைசி வரி இது: என் மருமகனுக்குத் துப்பாக்கிகளைப் பற்றி எந்த அறிவும் இல்லை, முன்னர் எழுதியது ஒரு கிழவனின் மிகைப்படுத்தல். 'கிழவன்' எண்டது வேண்டாம் எண்டால் 'மாமன்' எண்டு போடுங்கோ. வேறை ஒரு சொல்லும் கூட்டவேண்டாம், கோடு கீறவேண்டாம், படம் வைக்கவேண்டாம்.

எழுதி, வெள்ளிக்கிழமைக்கு முதல் நீங்களே செல்வமலர் அக்காவின்ரை கந்தோருக்குக் கொண்டு போங்கோ. இந்தக் கடிதத்தையும் கொண்டுபோய்க் குடுங்கோ, திகதி விபரமெல்லாம் இதிலை இருக்கு. தபாலிலை போடவேண்டாம். நான் இந்த நாட்டை விட்டுப் போகப்போறதில்லை மாமா. இருபத்தேழாம் திகதி போவன், அதுக்குப் பிறகு எத்தினை தரம் கூப்பிட்டாலும் போவன், என்ரை வாயாலை என்ரை கதையைச் சொல்லி முடிக்கும் மட்டும் அந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டன். நீங்கள் எழுதினாலும் சரி, எழுதாட்டிலும் சரி. ஆனால் எழுதுங்கோ.

மாமிக்கு என் அன்பு. நண்டுக்கறி அருமை. நல்லூரான் உங்கள் இரண்டு பேரையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் மகன்
சிவானந்தன்

பி.கு.: நேற்று நீங்கள் அலமாரியைத் திறந்தபோது நான் கோபத்தில் நின்றாலும் கண் சும்மா நிற்கவில்லை. போன மாதம் வாங்கின லூகர் பிஸ்டலிலை எல்லாப் பாகத்திலையும் ஒரே இலக்கம் எண்டு சந்தோசப்படுறியள். அடிச் சட்டத்திலை கடைசி ரெண்டு இலக்கம் 38. மேலை மடங்கிற மூட்டிலை 83. கண்ணாடியைப் போட்டுப் பாருங்கோ. அந்த மூட்டிலை இராணுவ முத்திரையும் இல்லை, அது கடையிலை விக்கச் செய்த லூகரிலை இருந்து கழட்டிப் பூட்டினது, பொலிஷின்ரை நிறமே வேறை. உங்களை நல்லாய் ஏமாத்திப்போட்டாங்கள். கொப்பியிலை ஒண்டும் எழுதிப்போடாதையுங்கோ, நீங்கள் கழட்டவும் வேண்டாம், உங்கட கைக்கு அந்தப் பின் தெறிச்சு எங்கையாவது பறந்திடும். ஞாயிற்றுக்கிழமை நான் வந்து பிரிச்சுப் பாக்கிறன். அக்காட்டைக் குடுக்க முதல் இந்தப் பின்குறிப்பைக் கிழிச்சுப்போட்டுக் குடுங்கோ. கிழிப்பியள்தானே மாமா?