பின்படிக்கட்டுப் பூட்டும் மச்சான் வாங்கப்போகும் லாட்ஜும்

தென்காசி,
வியாழக்கிழமை.

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் பீர் மைதீன் அவர்களுக்கு, தங்கை மாப்பிள்ளை மசூது ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம், சாரல் மட்டும் கொஞ்சம் அதிகம். தம்மாமில் உங்கள் உடம்பும், அந்த முழங்கால் வலியும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

வாய்ஸ் மெசேஜ் போட்டால் நீங்கள் ரூமில் சத்தமாகக் கேட்பீர்கள், உங்களோடு இருக்கிற அத்தனை பேரும் கருத்துச் சொல்வார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். லீவு முடிந்து நாளை தம்மாமுக்கு விமானம் ஏறும் ஹுஸைஃபா அல்வாவோடு சேர்த்து இதையும் கொண்டுவருவான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தருவி ரோட்டில் சண்முகநாதன் அண்ணாச்சி விற்கிற லாட்ஜை வாங்கலாமா என்று பார்த்துச் சொல்லச் சொன்னீர்கள். அதை வாங்கி நடத்திக்கொண்டு ஊரோடு இருந்துவிடலாம் என்பது உங்கள் கணக்கு. வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு வீடு பார்த்துச் சொல்லுவது எனக்குத் தொழில்தான். டைல்ஸைத் தட்டிப் பார்ப்பேன், தரையில் தண்ணீர் ஊற்றி வாட்டம் பார்ப்பேன், சுவரில் ஈரம் ஏறி ஓதம் கட்டியிருக்கிறதா என்று மெஷினை வைத்துப் பார்ப்பேன். ஆனால் லாட்ஜ் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நான் கிளம்பும்போதே உங்கள் தங்கை ஷமீம் பானு வாசலில் மறித்துக்கொண்டு, “ஏதாவது நொட்டை சொல்லி எங்கண்ணன் வர்ற வழிய அடைச்சிராதிய” என்றாள். அந்தப் பாரத்தோடுதான் போனேன்.

போனவுடன் பழக்கதோஷத்தில், “அடுப்படி எந்தப் பக்கம் அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, “லாட்ஜ்ல எவன் பாய் சோறு பொங்குதான்?” என்றார். சரி என்று பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்தால், முதலில் காற்று வந்தது, பிறகு துரு வந்தது, அப்புறம் கொஞ்சம் யோசித்துத் தண்ணீர் வந்தது. யாருமே குளிப்பதில்லையா என்று கேட்டதற்கு, “பக்கெட்ல மோந்து குளிக்கவன் குத்தாலத்துக்கு எதுக்கு வாரான்?” என்றார். பதில் நியாயமாக இருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஓதம் பார்க்கிற மெஷின் வைத்த இடமெல்லாம் கத்தியது. அண்ணாச்சியின் சட்டையில் தெரியாமல் பட்டபோதும் கத்தியது. இந்தச் சாரலில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு கட்டிலுக்கு மேலேயும் சுவரில் தலை உயரத்துக்குக் கருப்பாக ஒரு திட்டு இருந்தது, அங்கே மட்டும் மெஷின் வாயைத் திறக்கவில்லை. நான் அதை இரண்டு தட்டுத் தட்டினேன், பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், ஊதினேன். கடைசியில் மூக்கை வைத்துப் பார்த்தால் நல்லெண்ணெய்! அருவிக்குப் போகுமுன் எண்ணெய் தேய்த்து ஊற உட்கார்ந்தவர்கள் சாய்ந்த இடம், எண்ணெய் குடித்த சுவரில் ஈரம் ஏறவில்லை. நான் சுவரை முகர்ந்துகொண்டிருந்ததை அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலுக்கெல்லாம் குரங்குக்குப் பயந்து பலமான இரும்புக் கிரில் போட்டிருக்கிறார். வீடு பார்க்கிற புத்தியில், ‘பாதுகாப்புப் பிரமாதம்’ என்று சொல்லிப் போனில் வீடியோவும் எடுத்தேன். அப்போது வேனில் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர் குடும்பத்தோடு வந்திறங்க, அண்ணாச்சி வரவேற்கக் கீழே போய்விட்டார். தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்க்க நான் மாடியில் கடைசி அறைக் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் நன்றாகத்தான் விழுந்தது. மழையில் ஊதியிருந்த கதவுதான் திரும்பத் திறக்கவில்லை. இழுத்தேன், கைப்பிடி என் கையோடு வந்தது. மச்சான், அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஒரு குரங்கு வந்து உட்கார்ந்து, கொய்யாப்பழம் தின்றுகொண்டே என்னைப் பார்த்தது. கூண்டுக்குள் நான், டிக்கெட் இல்லாமல் வேடிக்கை பார்ப்பது அது. போன் போட்டால் அண்ணாச்சி எடுக்கவில்லை, பக்கத்து அறைக்காரர்கள் எல்லோரும் அருவியில்.

நான் கதவைத் தட்டிய சத்தம் கேட்டு அந்த எலுமிச்சை வியாபாரியும் அவர் மச்சினனும் மேலே வந்து ஆளுக்கொரு உதை விட்டுத்தான் என்னை வெளியே எடுத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கை தட்டின. நானும் சிரித்தேன், பிறகுதான் யோசித்தேன். அறையில் புகை சூழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இறங்க வேறு வழி உண்டா என்று தேடினேன். பின்பக்கம் ஒரு படிக்கட்டு இருக்கிறது. மேலே இரும்புக் கதவு, அதில் பூட்டு. கீழே படிக்கட்டை மறைத்து நேந்திரங்காய் சிப்ஸ் கடை.

“குரங்கு அந்த வழியாத்தான் பாய் ஏறுது. சீசன் முடியட்டும், தொறந்து போட்டுருவோம்” என்றார் அண்ணாச்சி.

“சீசன் முடிஞ்சா ஆளே இருக்காதே அண்ணாச்சி, யாருக்குத் தொறக்கிய?” என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். பொல்லாத மனிதர் இல்லை, இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

வரும் வழியெல்லாம் இதே யோசனை. எங்கள் வீட்டு அடுப்படிக் கதவும் மழைக்கு ஊதும். ஷமீம் இடுப்பால் ஒரு இடி இடிப்பாள், திறந்துகொள்ளும். எங்கே இடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் எந்தக் குறை இருந்தாலும் அதோடு குடும்பம் நடத்திப் பழகிவிடுகிறோம். ஒரு ராத்திரி படுத்து எழுந்து போகிறவனுக்கு அந்த இடியை யார் சொல்லிக்கொடுப்பார்கள்? நம்மை நம்பிப் பிள்ளை குட்டியோடு தூங்குகிறான். அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் கேஸ் உங்கள் பேரில், பாவம் என் பேரில்.

அதனால் மனசு கேட்காமல் எழுதுகிறேன்: இந்த லாட்ஜ் வேண்டாம் மச்சான். இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் லீவில் வந்து பெட்டியை முழுதாகப் பிரிக்காமலே திரும்பிப் போகிறதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். உங்கள் மகள் ஷிஃபா, “வாப்பா வந்தா நம்ம வீட்டுலயேதான் இருப்பாங்களா?” என்று என்னிடம் கேட்கிறாள். இன்னும் கொஞ்ச காலம் பொறுத்து, வேறு நல்ல இடமாகப் பார்ப்போம்.

முழங்காலுக்குத் தைலம் கொடுத்துவிட்டிருக்கிறேன். ரூமில் எல்லோருக்கும் என் ஸலாம். உங்கள் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
தங்களை மறவாத,
மசூது

பின்குறிப்பு: மேலே எழுதியது எதற்கும் இனி வேலையில்லை. நான் எழுதுவதை ஷமீம் என் தோளுக்குப் பின்னால் நின்று முழுக்கப் படித்திருக்கிறாள். “ஒரு பூட்டு பூட்டிக் கெடக்குன்னா ஒடைச்சாப் போச்சு. சிப்ஸ் கடைய நாலடி தள்ளி வச்சாப் போச்சு. அதுக்கு எங்கண்ணன் இன்னும் அங்கனயே கெடக்கணுமா?” என்று என்னைக் கேட்டாள். பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை, ‘லாட்ஜ் ஜோரா இருக்காம், வந்துருண்ணே’ என்று உங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டாள். வேலையை விடுவதாகச் சொல்லி டிக்கெட்டும் போட்டாச்சு என்று நீங்கள் அனுப்பிய பதிலை இப்போதுதான் காட்டினாள். நாளை, ஹுஸைஃபா போகிற அதே நாளில் நீங்கள் வருகிறீர்கள். அதனால் கடிதத்தை அவனிடம் கொடுக்கவில்லை, திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் நானே கையில் தருகிறேன். வண்டியில் சம்மட்டியும் இருக்கும். நேரே லாட்ஜுக்குப் போய் அண்ணாச்சியிடம் சொல்லிப் பூட்டை உடைக்கலாம் என்றேன், ஷமீம் ஒத்துக்கொள்ளவில்லை, முதலில் வீடு என்கிறாள். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். உங்கள் வீட்டு வாசல் கதவும் சாரலுக்கு ஊதியிருக்கிறது. இடது பக்கமாகத் தூக்கி, கீழே ஒரு இடி இடிக்க வேண்டும். ஷிஃபாவுக்கும் அவள் உம்மாவுக்கும் தெரியும், உங்களுக்குத் தெரிந்திருக்காது.