நீல அலை போட்ட சட்டம்

அடுப்படியில் கைப்பிடித் துணி பற்றிக்கொண்டதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பெயர்ப்பலகை ஓவியர் "தீ! தீ!" என்று கத்திக்கொண்டே தெருவுக்கு ஓடினார். ஓடுகிற ஓட்டத்திலும் கைக்குக் கிடைத்த ஒரு முக்கியமான பொருளைக் காப்பாற்றினார். வெளியே வந்து பார்த்தால், தலையணை. மனைவியைக் காணோம். அவள் துணியைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டு, நிதானமாக வாசலுக்கு வந்தாள்.

"தலையணைக்கு ஒண்ணும் ஆகலையேங்க?"

எதிர் வீட்டம்மா சிரித்த சிரிப்பில் ஓவியரின் மானம் கப்பலேறியது. அங்கேயே சபதம் எடுத்தார். ஆபத்து வந்தால் மூளை வேலை செய்யாது. ஆகவே சுவர் வேலை செய்ய வேண்டும். ஊருக்கெல்லாம் பலகை எழுதுகிறவன் வீடு ஊமையாக இருக்கலாமா?

தூரிகையை எடுத்தார். கூடத்தைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு ஒரு நீல அலை வரைந்தார். வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாய் போன மழையில் பின்வாசல் படி வரை வந்துவிட்டுப் போயிருந்தது. இனி உள்ளே வந்தால் இந்த அலை வரை ஏறும் என்று கணக்கு. அலைக்கு மேலே இருப்பது தப்பிக்கும், கீழே இருப்பது போய்விடும். நடைவழிச் சுவரில், தீப்பிடித்தால் ஓட வழிகாட்ட, இருட்டிலும் மினுங்கும் பெயின்டில் ஒரு மீன் கூட்டம். அத்தனை மீனும் பின்கதவைப் பார்த்து நீந்தின. டார்ச்சும் மருந்தும் வைத்த அவசரப் பையில் ஒரு திமிங்கிலம் வாயைப் பிளந்தது.

கூரியர் அலுவலகத்தில் பார்சல் கட்டும் மனைவி, வேலை முடிந்து வந்து பார்த்தாள்.

"என்னங்க இது?"

"கலை."

"அதான் வீடே கலைஞ்சு கிடக்கா?"

"கேலி பண்ணாதம்மா. தினமும் கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தாத்தான், அவசரத்துல கால் தானா நடக்கும்."

"அதுவும் சரிதான். மீனெல்லாம் எங்க போகுது?"

"பின்கதவுக்கு."

"பின்கதவு எங்க?"

ஓவியர் பார்த்தார். கதவு அங்கேதான் இருந்தது, ஒரு நம்பிக்கையாக. அதன் முன்னால் கால் உடைந்த சாய்வு நாற்காலி, காய்ந்துபோன பெயின்ட் டப்பாக்கள், மூடிய கடைகளின் பலகைகள், பேசாத ரேடியோ, சக்கரம் இல்லாத சைக்கிள். எல்லாம் அவருடைய சேகரிப்பு. என்றைக்காவது கலைப்பொருளாகும் என்பார். கல்யாணமான நாளிலிருந்து அவள் கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். ஒரு டப்பாகூட அசையவில்லை.

"அதை அப்புறம் ஒதுக்கிக்கலாம். ஞாயித்துக்கிழமை ஒத்திகை!"

"ஒத்திகையை ஒத்திப்போடக் கூடாதா?"

"வெள்ளத்தை ஒத்திப்போட முடியுமா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, சட்டத்தைச் சொல்லுங்க."

"நான் வாசல்ல நின்னு விசில் ஊதுவேன். தண்ணி வந்தாச்சுன்னு அர்த்தம். மறுபடி ஊதுறதுக்குள்ள வேணுங்கறதை அலைக்கு மேல ஏத்திடணும்."

"கீழ இருக்கிறது?"

"வெள்ளத்துல போச்சு."

"போனது திரும்பி வருமா?"

"வெள்ளத்துல போனது எப்படிம்மா திரும்பி வரும்? விளையாட்டா இது? கறாரா இருக்கணும்!"

"சரிங்க."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் தலையாட்டியதில்லை. ஓவியர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பூரித்துப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. விசில் ஊதிவிட்டு, வேடிக்கை பார்க்க வந்த எதிர் வீட்டம்மாவுக்குத் தன் தத்துவத்தை விளக்க ஆரம்பித்தார். வீட்டுக்குள் தடதடவென்று சத்தம்.

"என்ன சார், இடி மாதிரி கேக்குது?"

"தத்ரூபமா செய்யறா!" என்றார் பெருமை தாங்காமல்.

தத்துவம் நீண்டதில் இரண்டாவது விசிலே மறந்துபோயிற்று. ஒருவழியாக ஊதிவிட்டு உள்ளே போனார். பாத்திரம், துணிமணி, சான்றிதழ்கள், அவருடைய தூரிகைகள்கூட, எல்லாம் அலைக்கு மேலே அழகாக அடுக்கப்பட்டிருந்தன. நடைவழி வெறிச்சென்று இருந்தது. மீன்கள் தடையில்லாமல் நீந்திப் போயின. பின்கதவு விரியத் திறந்திருக்க, கால்வாய்க் காற்று உள்ளே வந்தது. சந்து முனையில் பழைய சாமான் வண்டி ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது.

"ஐயோ, என் சாய்வு நாற்காலி!"

"வெள்ளத்துல போச்சுங்க."

"ரேடியோ?"

"அதுதான் முதல்ல மிதந்துச்சு."

"பலகையெல்லாம்?"

"பிடிச்சுப் பார்த்தேன். இழுப்பு ஜாஸ்தி."

ஓவியர் சுவரைப் பார்த்தார். சட்டம் அவருடையது. அலை அவருடையது. உயரம் அளந்து கோடு போட்டதும் அவரே.

"உங்க படம் நல்லா வேலை செய்யுதுங்க," என்றாள் மனைவி. இந்த முறை கேலி இல்லை. "இனிமே மழை வந்தா பயமில்லாம தூங்குவேன்."

அதற்கு மேல் கோபப்படவும் வழியில்லை. நல்ல வேலையைப் பாராட்டினால் அழுவதா சிரிப்பதா என்று அவர் நின்றபோது, பின்னாலேயே வந்த எதிர் வீட்டம்மா அலையைத் தொட்டுத் தடவிப் பார்த்தார். அந்தம்மா கண்ணில் பக்தியே தெரிந்தது.

"எங்களுக்கும் ஒண்ணு வரைஞ்சு குடுங்க சார். ஆனா எங்க வீட்டுக்காரர் சாமானெல்லாம் பரண் மேல இருக்கு. அலையைக் கூரை வரைக்கும் ஏத்திடுங்க."