டேமின் புருஷனுக்கு என்ன பட்டம்?

மங்காஃப்,
குவைத்.

சவுதி யான்புவில் இருக்கும் அன்பு மைத்துனன் டெனிஷுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உன் அக்கா டெல்சியும் சுகம். நீயும் ரெஷ்மாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். சுகம் விசாரித்தது இத்தோடு போதும். போனில் திட்டினால் கட் பண்ணிவிடுவாய் என்பதால்தான் பேப்பரில் எழுதுகிறேன்.

தலூவா தீவு அரசாங்கம் உன் அக்காவுக்கு ‘கடலாமை’ விருது வரிசையில் டேம் பட்டம், அதாவது பெண்களுக்கான ‘சர்’ பட்டம், கொடுத்தது. அதை நீ வாட்ஸ்அப்பில் எப்படிப் போட்டாய்? ‘எங்க அக்கா ஒரு நாட்டுக்கே மகாராணி ஆயிட்டா!’ அதை நம்பி ஊரிலிருந்து என்னிடம் விசா கேட்கிறார்கள். நம் சபை ஜனத்தைக் கொண்டுபோய் இறக்கினால் நிற்க இடமில்லாத தீவு அது. போன வருஷம் அவர்களுடைய சரக்குக் கப்பலில் தீப்பிடித்து, இரண்டு கையும் வெந்துபோன சமையல்காரன் ஒருவனை டெல்சி நர்ஸாயிருக்கும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கூட யாருமில்லை, பாஷையும் தெரியாது. டூட்டி முடிந்தும் வீட்டுக்கு வராமல் அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள் உன் அக்கா. இங்கே நான் காய்ந்த குப்பூஸ் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றேன். எனக்கு எந்தத் தீவு பட்டம் கொடுக்கும்?

விழா ஒரு ஹோட்டலில். வாசலில் நின்ற பெண் என் சட்டையில் ஓர் அட்டையைக் குத்தினாள். ‘டேம் டெல்சியுடன் வந்தவர்.’ தாலி கட்டியவனை, கூட வந்தவர் என்கிறாள்! உள்ளே உன் அக்கா மெத்தையில் முழங்கால் போட்டாள். தோளைத் தொட்டுப் பட்டம் கொடுக்க, தலூவா தூதர் வாளை உருவினார். அது அவள் தோளுக்குப் போகிறதா கழுத்துக்குப் போகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? பதறி எழுந்து, “வேய், பாத்து! காதுல கம்மல் கெடக்கு!” என்று கத்திவிட்டேன். செக்யூரிட்டிக்காரன் ஓடிவந்து, “பாய், பைட்டோ” என்று என் தோளை அழுத்தி உட்கார வைத்தான். அன்றைக்கு என் தோளில் பட்டது அது ஒன்றுதான்.

சாப்பாட்டு நேரத்தில் தூதரிடம் நேராகவே கேட்டேன். ‘சர்’ ஆனவனுடைய மனைவி ‘லேடி’ என்றால், டேம் ஆனவளுடைய புருஷன் யார்? அவர் சிரித்துக்கொண்டே, “மிஸ்டர்” என்றார். அது எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே உண்டே!

இப்போது எங்கள் பில்டிங் காவலாளி அஸீம்கூட என்னை “டேம் மேடம் கா ஆத்மி”, அதாவது டேம் மேடத்தின் ஆள், என்றுதான் கூப்பிடுகிறான். உன் அக்காவிடம் கத்தினேன். “நானா கேட்டு வாங்கினேன்? சும்மா இரிங்க, சோறு ஆறுது” என்கிறாள்.

ஆகவே, அந்த மகாராணியை உடனே அழி. ஊருக்கும் உண்மையைச் சொல்.

ஆண்டவர் உன் வீட்டுக்குச் சமாதானத்தையும், உன் விரல்களுக்கு ஓய்வையும் தருவாராக.

இப்படிக்கு,
கூட வந்தவர்,
ஞானசிங்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது அந்தச் சமையல்காரன் வீடியோ காலில் வந்தான். பக்கத்தில் அவன் அம்மா. டெல்சி டூட்டியில் இருக்கிறாள் என்று சைகையில் சொன்னேன். அந்த அம்மா மகனுடைய கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். விரல் அத்தனையும் மடங்குகிறது, மாப்பிள்ளை. பிறகு, நான் யாரென்று கேட்டாள். “டெல்சி ஹஸ்பண்ட்” என்றேன். வயசானவள், நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்று என்னைக் கும்பிட்டாள். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. நீ போட்டது போட்டபடியே இருக்கட்டும்.