நிரலுக்கு நிறம் பூசுகிறவர்

அமெரிக்காவில் சான் ஹோசே நகரத்தில் தடுக்கி விழுந்தால் மென்பொருள் பொறியாளர் ஒருவர் மேல்தான் விழவேண்டும். அவர்களுக்குள் ஓர் உட்பிரிவு உண்டு, கவனித்திருக்கிறீர்களா? பார்த்தால் பரம சாதுவாக இருக்கும். நிரலுக்கு, அதாவது கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு, நிறம் பூசுகிற இனம் என்று நான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

எங்கள் எதிர்வீட்டுச் சேனாபதி அந்த இனத்தின் அசல் மாதிரி. அவருக்கு வேலை போய்விட்டது. விசா கெடு முடிவதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு ஊருக்கு மூட்டை கட்டவேண்டியதுதான். நல்லகாலமாக ஒரு கம்பெனி கூப்பிட்டது. நிரல் ஒன்று எழுதி, அதையும் அதன் விளக்கத்தையும் கட்டுரை மாதிரி ஒன்றாகக் கோத்து, புத்தகப் பக்கம்போல் அச்சழகோடு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இரண்டையும் எழுதி முடித்துவிட்டார். மனிதர் கெட்டிக்காரர். அனுப்பிவிட்டுத் தூங்கவேண்டியதுதானே? அதெப்படி? கட்டளைச் சொற்கள் நீலமாகவும், எண்கள் ஆரஞ்சாகவும், கமென்ட்ஸ் என்கிற குறிப்புகள் சாம்பலாகவும் பக்கத்தில் விழவேண்டாமா? அதற்கென்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற கருவிகளை எல்லாம் இறக்கிப் பார்த்து, ஒன்றின் நீலம் கண்ணைக் குத்துகிறது என்றும், இன்னொன்றின் பச்சை பாசி பிடித்தாற்போல் இருக்கிறது என்றும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, நிறம் பூசும் கருவியைத் தானே எழுத உட்கார்ந்துவிட்டார். புதன்கிழமை நீலத்துக்குப் போயிற்று. வியாழன் முழுக்கச் சாம்பல்.

வெள்ளிக்கிழமை காலை அவர் மனைவி ஷ்யாமளா என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். கூடத்தில் சூட்கேஸ்கள் பாதி நிரம்பிக் கிடந்தன.

"அனுப்பியாச்சா?" என்றாள் அவரிடம்.

"கமென்ட்ஸ் மட்டும் கொஞ்சம் டார்க்கா இருக்கு, ஷ்யாமி. ஃபிக்ஸ் பண்ணிட்டு சப்மிட் பண்ணிடறேன்."

"ஊருக்குப் போய் எந்தக் கலர்ல வேணும்னாலும் பண்ணுங்க."

அவர் என் பக்கம் திரும்பி இரண்டு காகிதங்களை நீட்டி, எது நல்ல சாம்பல் என்று கேட்டார். என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் இடது பக்கத்தைக் காட்டினேன். வலது என்று சொல்லியிருக்கவேண்டுமாம். என்னை அவர் பார்த்த பார்வையில் அவ்வளவு பரிதாபம்.

வெள்ளிக்கிழமைக் கெடு முடிகிற நேரத்துக்கு எப்படியோ அனுப்பித் தொலைத்தார். அடுத்த வாரம் வீடியோவில் நேர்காணல். கேள்வி கேட்க வந்தவர் கிட்டுசாமி என்ற பெரிய மானேஜர். ஷ்யாமளா சமையலறைக் கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கிட்டுசாமி பக்கங்களை மேலும் கீழும் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், மறுபடி பார்த்தார்.

"எல்லாம் ஓகே சார்," என்றார். "இந்த கிரே மட்டும் இன்னும் ஒரு ஷேட் லைட்டா இருந்திருக்கலாமோ?"

சேனாபதிக்குக் கண் கலங்கிவிட்டதாம். நேர்காணல் முழுவதும் சாம்பலிலேயே கழிந்தது. வேலை கிடைத்துவிட்டது. ஷ்யாமளா சூட்கேஸ்களைப் பிரித்துத் துணியை எல்லாம் அலமாரியில் அடுக்கினாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நீலம், பச்சை, சாம்பல் என்று நான் சொன்னதை எல்லாம் இவ்வளவு நேரம் தலையாட்டிக் கேட்டீர்களே, அந்த நிரல் என்ன வேலை செய்யும் என்று ஒரு தடவையாவது உங்களுக்குக் கேட்கத் தோன்றியதா?