ஒரு புடவை, இரண்டு பில்

கம்ப்யூட்டர் படித்த மாப்பிள்ளை என்று நம்பி எனக்குப் பெண் கொடுத்தார்கள். அது அவர்கள் தவறு. ஆரணியில் மாமனார் புதிதாகத் திறக்கும் பட்டுக்கடைக்கு நானே பில் புரோகிராம் எழுதித் தருகிறேன் என்றேன் பாருங்கள், அது என் தவறு.

கடையில் இரண்டு கவுண்டர். சரக்குப் பட்டியல் மட்டும் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இங்கே விற்ற புடவை அங்கேயும் மறைய வேண்டுமே. இதற்கு சிங்கிள்டன் என்றொரு முறை உண்டு. பட்டியலை யார் கேட்டாலும் 'ஏற்கெனவே இருக்கிறதா?' என்று புரோகிராம் பார்க்கும். இருந்தால் அதையே நீட்டும். இல்லாவிட்டால்தான் புதிதாக ஒன்றை உண்டாக்கும். ஒருவர் கேட்கும்போது இன்னொருவர் நுழையாதபடி ஒரு பூட்டும் போட வேண்டும். நான் போடவில்லை. (ஒரே நொடியில் இரண்டு பேர் பட்டனை அமுக்கவா போகிறார்கள்?)

அமுக்கினார்கள். திறப்பு விழாவன்று மாமனார் பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் குறித்து, என் மனைவி கோமதியை ஒரு கவுண்டரிலும் அவள் தம்பி குமரனை இன்னொன்றிலும் உட்காரவைத்தார். கற்பூரம் காட்டி மணியடித்து, "அமுக்குங்க" என்றார். இரண்டு விரலும் ஒன்றாக இறங்கின. இரண்டு பேருக்கும் 'இல்லை' என்று பதில் வந்து, சுபமுகூர்த்தத்தில் இரண்டு பட்டியல்கள் பிறந்தன.

மதியம்தான் தெரிந்தது. வாசல் பொம்மைக்குக் கட்டியிருந்த அரக்குப் புடவையை, கோமதி சேத்துப்பட்டுக்காரர்களுக்குப் பில் போட்டிருந்தாள், குமரன் கலசப்பாக்கத்துக்காரர்களுக்கு. இரண்டு வீட்டிலும் வரும் ஞாயிறு கல்யாணம். இன்னொன்று நெய்ய நாளில்லை. பொம்மைக்கு இந்தப் பக்கம் ஒரு அம்மா, அந்தப் பக்கம் ஒரு அம்மா, ஆளுக்கொரு முந்தானை முனை.

மாமனார் என் பக்கம் திரும்பினார். "கம்ப்யூட்டர் இன்னா சொல்லுது மாப்பிள்ளே?"

"ரெண்டு பேருக்கும் வித்தாச்சுன்னு சொல்லுது மாமா."

சொன்ன பீதியில் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். விளக்கு, ஏசி, நாதஸ்வர கேசட், மாமனாரின் முகம் எல்லாம் ஒன்றாக அணைந்தன. அந்த இருட்டில் ஒளிய இடம் தேடி, பொம்மைக்குப் பின்னால் போய் நின்றேன். (உலகத்தில் அந்த ஒரு பொம்மையைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது என்னைவிட ஒல்லி வேறு.)

கோமதிதான் வந்தாள். "கட்டிக்கப் போற பொண்ணுங்கள யாராவது கேட்டீங்களா?"

கலசப்பாக்கத்துப் பெண் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "எனக்கு அந்தப் பச்சதான் புடிச்சுது. அம்மாதான் அரக்கு அரக்குன்னு காலைலேர்ந்து பேஜார் பண்ணிகினு இருக்குது."

அன்று மாலையே புரோகிராமில் பூட்டைப் போட்டுவிட்டேன். நம்பத்தான் ஆளில்லை. இன்றும் காலையில் கோமதி அமுக்கி, "ஆச்சு" என்று குரல் கொடுத்த பிறகுதான் குமரன் விரலை வைக்கிறான்.

அடுத்த வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வெளியே வந்து, இரட்டைப் பெண்கள் என்றார். மாமனார் கூரையைப் பார்த்தார். குமரன் என் தோளில் கை போட்டான்.

"இன்னா மாமா, இங்கியும் பூட்டு போட மறந்துட்டீங்களா?"

பெண்கள் இப்போது கல்லூரிக்குப் போகிறார்கள். பிறந்தநாள் கேக்கை இன்னமும் ஒருத்திதான் முதலில் வெட்டுகிறாள். இன்னொருத்தி கத்தியோடு காத்திருக்கிறாள், "ஆச்சு" என்ற குரல் வரும்வரை.